நூற்றிருபது இலை

நான் ஒரு குத்துமதிப்பு ஆசாமி. சென்னையில் மருந்து விற்பனை வேலை. கூட்டத்துக்கு நூறு டாக்டரைக் கூப்பிட்டால் நாற்பது பேர் வருவார்கள். 'கிளம்பிட்டேன்' என்று போனில் சொல்பவர் இன்னும் குளிக்கவில்லை. 'பார்க்கலாம்' என்றால் பார்க்கமாட்டார்கள். வாழ்க்கையை இப்படி உள்ளங்கைக்குள் சுருட்டி வைத்திருந்தேன். (விதிகளை நோட்டில் வேறு எழுதி வைத்திருந்தேன். கொழுப்புதான்.)

அப்பா இறந்தபோதும் என்னிடம் ஒரு விதி இருந்தது.

ஆரல்வாய்மொழியில் அவர் கிணற்று மோட்டார் ரிப்பேர் செய்தவர். பேச்சு குறைவு. பேசினால் ஏச்சு. பதினாறாம் நாள் அடியந்திரச் சாப்பாட்டுக்கு வந்த சமையல்காரர் தங்கப்பன் அண்ணாச்சி கேட்டார்:

"எத்தர இலை மக்கா?"

"நூத்தி இருவது."

"லேய், ஒங்கப்பனுக்கா நூத்தி இருவது?"

"கணக்கு இருக்கு அண்ணாச்சி."

ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தவர்கள்தான் அடியந்திரத்துக்கும் வருவார்கள், குடும்பத்தோடு. அப்பாவைப் பார்க்க வந்தவர்கள் முப்பது பேர். ஆளுக்கு நான்கு இலை. இவ்வளவுதான் என் கணக்கு. அண்ணாச்சி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு சோறு வடிக்கும் வார்ப்பைக் கழுவப் போனார்.

முதல் பந்தி நிறைந்தது. இரண்டாவது பந்தியோடு வார்ப்பு காலி. பந்தலுக்கு வெளியே பார்த்தேன். சைக்கிளில், ஆட்டோவில், நடந்து, மலையடிவாரத் தோட்டங்களிலிருந்து, வந்துகொண்டே இருந்தார்கள். அண்ணாச்சி மறுபடியும் உலை வைத்தார். நான் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தேன். கிடைத்தது ஐம்பது சொச்சம் புரோட்டா.

"ஏண்ணே, அப்பா அடியந்திரத்துக்குப் புரோட்டாவா?" தங்கச்சி சுசீலா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரிக்கு முப்பது பேர்தானேட்டி வந்தாங்க!"

"அப்பாதான் யாருட்டயும் சொல்லப்பிடாதுன்னு சத்தியம் வாங்குனாரு. 'மோட்டார் ரிப்பேரான வீட்டுக்காரன் வேற ஆளத் தேடாம இங்க ஆப்பிளோட வந்து நிப்பான், அவன் வீட்டுத் தண்ணிக்கு எவன் போவான்'னு கேட்டாரு. ஒனக்கே பத்து நாள் கழிச்சுத்தான் போன் பண்ண விட்டாரு."

பத்து நாள். என் நோட்டில் அதற்கு விதி இல்லை.

மூன்றாவது பந்தியில் இலை போட்டிருந்தது, சோறு இல்லை. அது கணவாய்க் காற்றடிக்கும் ஆனி மாதம். வெற்று இலைகள் துள்ளின, புரண்டன, இரண்டு பறந்தே போயின. அறுபது பேரும் ஆளுக்கொரு இலையை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், ஏதோ பரீட்சைத் தாளைக் காப்பது போல. நான் புரோட்டாவை வைத்துக்கொண்டே போனேன். (சிலர் அதைப் பப்படம் போல நொறுக்கப் பார்த்தார்கள். நொறுங்கவில்லை. மிஞ்சியிருந்த பாயாசத்தில் ஊறவைத்துத் தின்றார்கள்.)

வரிசையின் கடைசியில் இருந்தவருக்குப் புரோட்டாவும் இல்லை. மன்னிப்புக் கேட்டேன்.

"மெதுவா வரட்டு மக்கா," என்றார். "ஒங்கப்பன் எங்க கிணத்துல கழுத்தளவு தண்ணில நாலு மணிக்கூர் நின்னாரு. என்னைய ஏசிக்கிட்டேதான் நின்னாரு. நான் இலையைப் பிடிச்சிட்டு அர மணிக்கூர் இருக்க மாட்டனா?"

அவர் இலையின் ஒரு முனை காற்றில் எழும்பியது. குனிந்து அதைப் பிடித்துக்கொண்டேன். உலை கொதித்துச் சோறு வரும்வரை அப்படியே இருந்தேன். அப்பா இறங்கிய எந்தக் கிணற்றுக்குள்ளும் நான் எட்டிப் பார்த்ததில்லை.

போன வருடம் சுசீலா மகள் கல்யாணம். சமையல்காரர் இலைக் கணக்கை என்னிடம் கேட்டதும் வீடே சிரித்தது.

"அண்ணன் என்ன சொன்னாலும் மூணால பெருக்கிப் போடுங்கோ," என்றாள் சுசீலா. "அவன் அப்பாவுக்கே குறைச்சுப் போட்டவன்."

எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். பிறகு, மாலை தொடுத்தவர்களுக்கு நார் கிழித்துக் கொடுக்கிறேன் என்று சொல்லி, கொஞ்ச நேரம் தலை குனிந்தபடி உட்கார்ந்திருந்தேன்.