வயிற்றுக்குள் ஒரு கண்காணிப்பாளர்

பிறப்புச் சான்றிதழ் அலுவலகத்தில் பெரிய கணினி ஒன்று இருந்தது. அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க இன்னொரு கணினி தேவை என மேலிடம் முடிவு செய்தது. இப்போது எங்கும் மெய்நிகர் கணினிதான் நாகரிகம். அதாவது, கணினிக்குள்ளேயே ஒரு கணினி. தொட்டுப் பார்க்க முடியாது. ஆனால் தான் ஒரு தனிக் கணினி என்று நினைத்துக்கொண்டு வேலை செய்யும். அப்படி ஒன்றைப் பெரிய கணினிக்குள் உருவாக்கி, அந்தப் பெரிய கணினியையே கண்காணிக்கும் பொறுப்பை ஒப்படைத்தார்கள். இனி அலுவலகத்தின் தேதியும் நேரமும் அது சொல்வதுதான் என்று சுற்றறிக்கையும் வந்தது.

கணினி பழுது பார்க்கும் பெண்மணி இயக்குநரிடம் போனார்.

"சார், அதோட வயித்துக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு அதையே எப்படிக் கண்காணிக்கும்? இது படுத்தா அதுவும் படுத்துடுமே!"

"அவ்வளவு பக்கத்துல இருந்து வேற யாரும்மா பார்க்க முடியும்?" என்றார் இயக்குநர்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு உள்விசிறி நின்றது. சூடு தாங்காமல் பெரிய கணினி தூங்கிப்போனது. கவுன்ட்டருக்கு வெளியே ஒரு தையற்காரர் மகளின் கையைப் பிடித்தபடி நின்றார். அவளைப் பள்ளியில் சேர்க்க வியாழன்தான் கடைசி நாள்.

"ஃபேனை மாத்த அனுமதி கொடுங்க சார்" என்று இயக்குநரிடம் கேட்டார் பெண்மணி.

"பழுதுன்னு கண்காணிப்புக் கணினி அறிக்கை கொடுத்துச்சா?"

"அதுவும் சேர்ந்துதான் தூங்குது சார்."

"அறிக்கை வரலை. ஆகவே பழுது இல்லை. இல்லாத பழுதைச் சரிபண்ண நான் எப்படிம்மா அனுமதி கொடுப்பேன்?"

புதனும் போனது, வியாழனும் போனது. தையற்காரர் வந்தார், நின்றார், திரும்பினார். வெள்ளிக்கிழமை இயக்குநர் தேநீர் குடிக்கப் போன நேரம் பார்த்து, அந்தப் பெண்மணி விசிறியை மாற்றிவிட்டார். பெரிய கணினி விழித்தது. உள்ளே இருந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. தான் தூங்கியதே அதற்குத் தெரியாது. உடனே அறிக்கை கொடுத்தது: "செவ்வாய், மணி பத்து பதினாறு. எல்லாம் நலம். தடங்கல் ஏதுமில்லை."

இயக்குநர் அதை இரண்டு முறை உரக்கப் படித்தார்.

"சார், இன்னைக்கு வெள்ளிக்கிழமை!"

"உங்க வீட்டுல இருக்கலாம்மா. இங்க செவ்வாய்."

தையற்காரர் மெல்லத் தலையை நீட்டினார். "அப்போ வியாழன் இன்னும் வரலைங்களா?"

"எப்படி வரும்? நடுவுல புதன் இருக்கே!"

தையற்காரரின் முகம் மலர்ந்தது.

"அண்ணே, நீங்களுமா?" என்றார் பெண்மணி.

"நீ சும்மா இரும்மா. என் பொண்ணு படிக்கணும்."

'கண்காணிப்புக் கணினி காட்டும் தேதியை முழு மனதுடன் ஏற்றுக்கொள்கிறேன்' என்று சான்றிதழின் அடியில் இருந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, சான்றிதழும் மகளுமாகப் பள்ளிக்கு ஓடினார்.

பள்ளி எழுத்தர் காகிதங்களைப் புரட்டினார். "எல்லாம் சரியா இருக்கு. கடைசி நாளுக்கு இன்னும் நேரமும் இருக்கு. பொண்ணுக்குத்தான் வயசு பத்தலை."

"அஞ்சு முடிஞ்சிருச்சுங்க!"

"எங்க கண்காணிப்புக் கணினி காட்டுற தேதிப்படி மூணுதான். ரெண்டு வருஷம் கழிச்சு வாங்க."

"ஐயோ, அது நடுவுல ரெண்டு வருஷம் தூங்கியிருக்கும்ங்க!"

எழுத்தர் சான்றிதழை அவர் பக்கம் திருப்பினார். தையற்காரரின் கையெழுத்துக்கு மேலிருந்த வரியில் விரலை வைத்தார்.

"எனக்கு இத்தனை வயசு" என்று குழந்தை ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டினாள்.

அப்பா குனிந்து, அவற்றில் இரண்டை மெதுவாக மடக்கிவிட்டார்.