பெரிய கிராணியாரின் சுருட்டு வெட்டி

ஒரு நாடு சுதந்திரத்துக்குத் தகுதியானதா என்பதை அதன் கொடியைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அதன் தலைவர்களைப் பார்த்தால் இன்னும் குழப்பம்தான் வரும். அந்நாட்டுக் குடிமகன் சுருட்டின் நுனியை எதைக் கொண்டு நீக்குகிறான் என்று பார்க்க வேண்டும். அதற்கென்று செய்த வெட்டியால் நறுக்கினால் அது நாகரிக நாடு. பல்லால் கடித்துத் துப்பினால், துரைமார் இன்னும் நூறு வருஷம் சிரமம் பார்க்காமல் தங்கியிருந்து ஆள வேண்டிய நாடு.

இந்த அரிய உண்மையை உலகுக்கு வழங்கியவர் என் தாய்மாமன் கலியாணசுந்தரம். மலாக்கா, காஜா பெராங்கில் உள்ள தம் வீட்டு முன்கூடத்தில், ஐம்பத்தேழாம் வருஷம் ஜூலை மாதம், இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டே வழங்கினார். மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயாவின் சுதந்திரத்துக்கு, சில வாரங்களே இருந்தன. கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த நான் அவருடைய இடியாப்பத்தைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆகவே முழு மனதோடு ஒப்புக்கொண்டேன்.

மாமா ஆற்றோரத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கப்பல் சரக்குக் கம்பெனியில் பெரிய கிராணி. அதாவது எல்லாக் குமாஸ்தாக்களுக்கும் மேலே, துரைக்கு மட்டும் கீழே. இப்போது துரை சீமைக்குத் திரும்புகிறார். நாட்டுக்குச் சுதந்திரம் வருவதை முன்னிட்டு, அவருடைய நாற்காலியில் உள்ளூர் ஆள் ஒருவரை உட்கார வைப்பது என்று கம்பெனி தீர்மானித்திருந்தது. தாம் ஓர் உள்ளூர் ஆள் என்பதை மாமா அன்றுதான் கண்டுபிடித்தார். அதுவரை அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

துரையின் பிரிவுபசாரத் தேநீர் விருந்தில் பெயர் அறிவிக்கப்படும். விருந்தின் முடிவில் துரை தம் மரப்பெட்டியைத் திறந்து ஆளுக்கொரு மணிலா சுருட்டு கொடுப்பார்.

"அந்த நிமிஷத்துலதான்டா என் எதிர்காலம் இருக்கு" என்றார் மாமா. "சுருட்ட வாங்குறேன். எல்லாரும் என்னையே பாக்குறாங்க. நுனிய என்ன செய்வேன்?"

"கடிச்சுத் துப்பிட வேண்டியதுதான, மாமா."

மாமா கண்களை மூடிக்கொண்டார். சாவு வீட்டில் சிரித்தவனைப் பார்க்காமல் இருக்க அப்படி மூடுவார்கள்.

"கடிக்கிறவன் மருதமுத்து" என்றார்.

மருதமுத்து ஆற்றங்கரையில் கம்பெனியின் படகுத்துறையான ஜெட்டிக்கு மண்டோர். தொங்காங் படகுகளிலிருந்து மூட்டை இறக்கும் ஆட்களை மேய்ப்பவர். எங்கள் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி இருந்தார். அவர் ஜெட்டியில் நின்று ஓர் ஆளைத் திட்டினால் ஊரின் மறுகோடியில், தெங்கேராவில் இருக்கும் வேறொரு ஆள் வேலையை ஒழுங்காகச் செய்வான் என்பார்கள். சுருட்டின் நுனியைக் கடித்து அவர் துப்பும்போது அது ஆற்றின் நடுவரை போய் விழும். அதில் அவருக்கு மிகுந்த பெருமை உண்டு. அடக்கம் என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

ஆகவே அன்று மாலையே "சுருட்டு வெட்டித் தேர்வுக் குழு" அமைக்கப்பட்டது. தலைவர் மாமா. செயலாளர் நான். உறுப்பினர் சந்திரமதி அத்தை. அவர் கூட்டத்துக்கு வரவில்லை, அடுப்படியிலிருந்தே எதிர்த்து வாக்களித்தார்.

"பாக்குவெட்டி இருக்குல்ல, அதால வெட்டுங்களேன். பக்கத்து வீட்டு மலாக்காச் செட்டி அம்மாகிட்ட வெள்ளிப்பூண் போட்டதே இருக்கு. கேட்டா தருவாங்க."

"துரை முன்னால பாக்குவெட்டியா? கூடவே வெத்தலைத் தட்டையும் தூக்கிட்டுப் போகட்டுமா?"

"தூக்கிட்டுப் போங்க. அவரும் ஒரு வாய் போட்டுட்டுப் போகட்டும், பாவம்."

இந்தத் திருத்தம் தள்ளுபடி செய்யப்பட்டது. தேர்வுக்கு இரண்டு விதிகள் நிறைவேறின. ஒன்று, வெட்டி நீடித்து உழைக்க வேண்டும். மாமா மேனேஜராக இருக்கப்போகும் காலம் முழுவதும் அது தாங்க வேண்டும். இரண்டு, சட்டைப் பையில் அடங்க வேண்டும். ஆனால் அடங்கியிருப்பது வெளியே கொஞ்சம் தெரியவும் வேண்டும்.

மறுநாள் குழு டவுனில் உள்ள கபீர் பாய் கடைக்குச் சென்றது. கத்தி, கத்தரிக்கோல், சவரச் சாமான் எல்லாம் விற்கும் கடை. கபீர் பாய் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து மூன்றை எடுத்து விரித்தார்.

முதலாவது கத்தரிக்கோல் வகை. பார்க்கக் கம்பீரமாக இருந்தது. மாமா அதைக் கால்சட்டைப் பையில் போட்டு, கடை முக்காலியில் உட்கார்ந்து பார்த்தார். உடனே எழுந்துவிட்டார். எங்கே குத்தியது என்பதைக் குழு பதிவு செய்யவில்லை.

இரண்டாவது ஒற்றைத் தகடு வகை. விலை மலிவு. கபீர் பாய் தாமே ஒரு சுருட்டை நீட்டிச் சோதித்துக் காட்டினார். நுனி அறுபடவில்லை. சுருட்டு முழுதும் நசுங்கி வாழைப்பழத் தோல் மாதிரி தொங்கியது.

மூன்றாவது இரட்டைத் தகடு வகை. கட்டைவிரல் அகலம், தட்டையான எஃகு, ஓரத்தில் சங்கிலி கோர்க்க ஒரு வளையம். இரு பக்கமும் விரலைக் கொடுத்து அழுத்தினால் 'க்ளிக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் மாமாவின் முகம் மேனேஜர் முகமாகிவிட்டது.

"நல்லா உழைக்குமா, பாய்?"

"ஐயா, இத வாங்கிட்டுப் போனவங்கள்ல ஒருத்தர்கூட இந்தக் கடைக்குத் திரும்பிக் குறை சொல்லி வந்ததில்ல."

"அப்படி உழைக்குதா?"

"அது தெரியாதுங்க. வாங்குனவங்க எல்லாம் கப்பல்காரங்க."

மாமா இதைச் சிறந்த சான்றாக ஏற்றுக்கொண்டார். கடல் காற்றையே தாங்கிய கருவி என்று எனக்கு விளக்கினார்.

அடுத்தது பயிற்சி. மணிலா சுருட்டைத் தினமும் நறுக்கிப் பழகும் வசதி குழுவுக்கு இல்லை. சுருட்டின் தலைப்பகுதியைப் போன்றே வளைந்து குவிந்திருக்கும் பொருள் இயற்கையில் வேறொன்று உண்டா என்று மாமா ஆராய்ந்தார். உண்டு. வெண்டைக்காய்.

அன்று முதல் எங்கள் வீட்டில் வெண்டைக்காய்கள் மேல்நாட்டு முறையில் தலையிழந்தன. மாமா கண்ணாடி முன்னே நிற்பார். இடக்கையில் வெண்டைக்காயை மென்மையாக ஏந்துவார். வலக்கையால் பையிலிருந்து வெட்டியை எடுப்பார். எதிரே இல்லாத துரையைப் பார்த்து இலேசாகப் புன்னகைப்பார். 'க்ளிக்.' நுனி சிமெண்டுத் தரையில் விழும். நான் பொறுக்குவேன். குழம்பு, பொரியல், பச்சடி, மோர்க்குழம்பு என்று அத்தை முறை வைத்து ஆக்கிப்போட்டார்.

"நாட்டுக்கெல்லாம் மெர்டேக்கா வருதுங்கிறாங்க" என்றார் ஒருநாள், தட்டை வைத்துக்கொண்டே. "இந்த வெண்டைக்காய்ல இருந்து எங்களுக்கு எப்ப வரும்?"

இப்படிப் பயிற்சி உச்சத்தில் இருந்தபோதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மருதமுத்து வந்தார். வாசலில் நின்று சுருட்டைக் கடித்தார், துப்பினார். நுனி எங்கள் செம்பருத்திச் செடியைத் தாண்டி எதிர்ச்சாரிக்குப் போய்ச் சேர்ந்தது.

"கிராணியாரே, துரைக்கு ஒரு மாலை சொல்லியிருக்கேன். செமாபோக்குல இருக்குற பூக்காரர்கிட்ட. சின்ன மாலை இல்ல, துரை முட்டி வரைக்கும் வரும். விருந்தன்னைக்கு எத்தன மணிக்கு மாடிக்கு வரட்டும்?"

மாமா வெண்டைக்காயை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"விருந்து ஆபீஸ் ஆளுங்களுக்கு மட்டும்தான், மண்டோரே."

"நான் ஆபீஸ் ஆளு இல்லியா? பதினெட்டு வருஷமா அந்தாளு மூஞ்சியில நான் முழிக்கிறேன், என் மூஞ்சியில அவரு முழிக்கிறாரு. ஒரு மாலைதான கிராணியாரே. போட்டுட்டுக் கீழ வந்துடுறேன். உங்க கேக்க நான் தொடமாட்டேன்."

"இடம் கம்மி. பாப்போம்."

எப்போதும் பெரிதாகப் பேசும் மருதமுத்து அன்று சின்னக் குரலில், "பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மாமா என் பக்கம் திரும்பினார். "இவன் மேல வந்து, துரை குடுத்த சுருட்டக் கடிச்சு, கம்பளத்துல துப்புனா, பாக்குற துரை என்ன நினைப்பாரு? இவங்களுக்கா மெர்டேக்கான்னு நினைக்கமாட்டாரா? நாட்டு மானம்டா இது."

ஒரு நாட்டின் மானத்தைக் காப்பதற்காக ஒரு மனிதனை மட்டும் படிக்கட்டின் கீழே நிறுத்தியது மாமாவின் பெருந்தன்மை. வேறு யாராக இருந்தாலும் நாலைந்து பேரையாவது நிறுத்தியிருப்பார்கள்.

விருந்து நாள் வந்தது. கம்பெனியின் மாடிக்கூடத்தில் மேசை விரிப்பு, காகிதத் தோரணம், கேக். மாமா கறுப்புக் கோட்டில். மேல்பையிலிருந்து வெட்டியின் வளையம் மட்டும், விதி இரண்டின்படி, எட்டிப் பார்த்தது. "குறிப்பெடுக்க" என்று என்னையும் அழைத்துப் போயிருந்தார். ஜன்னலுக்கு வெளியே ஆறு, கீழே ஜெட்டி. பாரந்தூக்கியின் கொக்கியில் யாரோ ஒரு பெரிய சாமந்தி மாலையை மாட்டி வைத்திருந்தார்கள். அது காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

உரைகள் முடிந்தன. துரை மரப்பெட்டியைத் திறந்தார். ஆளுக்கொன்று கொடுத்தார். மற்றக் குமாஸ்தாக்கள் தங்கள் சுருட்டை என்ன செய்வதென்று தெரியாமல் பெரிய கிராணியைப் பார்த்தார்கள். மாமா காத்திருந்த நிமிஷம் இதுதான். இடக்கையில் சுருட்டை மென்மையாக ஏந்தினார். வலக்கையால் வெட்டியை எடுத்தார். துரையைப் பார்த்து இலேசாகப் புன்னகைத்தார்.

துரை தம் சுருட்டை வாயில் வைத்து, நுனியைக் கடித்து, ஜன்னல் வழியே ஆற்றில் துப்பினார்.

நல்ல தூரம் போயிற்று.

மாமா துரையோடு பல வருஷம் வேலை பார்த்தவர். ஆனால் பார்த்ததெல்லாம் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த சுருட்டைத்தான். துரை விடியற்காலையில், கிராணிகள் வருவதற்கு முன்னாலேயே ஜெட்டிக்கு இறங்கி, அங்கேதான் பற்றவைப்பது வழக்கம் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

"மருதமுத்து கற்றுக்கொடுத்தது" என்றார் துரை, ஆங்கிலத்தில், சிரித்துக்கொண்டே. "அவர் அளவுக்குத் தூரம் எனக்கு இன்னும் வரவில்லை. அவர் எங்கே, காணோமே?"

"அவருக்குக் காய்ச்சல், சார்" என்றார் மாமா.

கீழே ஜெட்டியிலிருந்து அந்தக் காய்ச்சல் பேசியது. "டேய், மூட்டையத் தூக்குடான்னா ஏன்டா அதக் கட்டிப் பிடிச்சிட்டு நிக்கிற? உன் பொண்டாட்டியாடா அது?"

துரை ஜன்னலைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். பிறகு மாமாவின் கையைப் பார்த்தார்.

"அது என்ன, நகவெட்டியா?"

"ஆமாம், சார்" என்றார் மாமா. அப்படிச் சொல்லிவிட்ட பிறகு சும்மா இருப்பது மரியாதையில்லை என்பதால், இடக்கைச் சுண்டுவிரலை உள்ளே கொடுத்தார். 'க்ளிக்.' கருவி நன்றாகவே உழைத்தது. கொஞ்சம் ரத்தம் வந்தது.

துரை படியிறங்கிக் கீழே போனார். விருந்தும் அவர் பின்னாலேயே போயிற்று. மாலை அவர் முட்டி வரை வந்தது. துரையும் மண்டோரும் ஜெட்டி விளிம்பில் நின்று ஆளுக்கொரு சுருட்டைக் கடித்து ஆற்றில் துப்பினார்கள். மருதமுத்துதான் ஜெயித்தார். மாமா சுருட்டைப் பையில் போட்டுக்கொண்டு, விரலைச் சப்பியபடி, மூட்டைகளுக்குப் பின்னால் நின்றார்.

மேனேஜர் பதவி மாமாவுக்கே கிடைத்தது. லண்டனில் அதை எப்போதோ தீர்மானித்துவிட்டார்களாம். யாரும் எதையும் எதனாலும் நறுக்கியிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

மெர்டேக்கா வந்தது. கொடி ஏறியது. புதிய மேனேஜரின் முதல் சுற்றறிக்கையும் ஜெட்டிச் சுவரில் ஏறியது: "கம்பெனி எல்லைக்குள் தொழிலாளர்கள் சுருட்டு நுனிகளைப் பல்லால் நீக்குவது இன்று முதல் தடை செய்யப்படுகிறது. சுதந்திர நாட்டின் குடிகள் உரிய கருவியையே பயன்படுத்தல் வேண்டும்." உரிய கருவியையும் மாமாவே வழங்கினார். எல்லாத் தொழிலாளர்களையும் வரிசையில் நிற்கவைத்து, தம் சொந்த இரட்டைத் தகட்டு வெட்டியை மருதமுத்துவின் கையில் கொடுத்து, கை குலுக்கினார். அத்தைக்குத்தான் மனசில்லை. வெண்டைக்காய்க்கு அதைவிட வசதியான சாமான் இல்லை என்றார்.

மருதமுத்து முதலில் முறைத்தார். பிறகு அந்த 'க்ளிக்' அவருக்கும் பிடித்துப்போயிற்று. இடுப்பு வாரில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டார். தொங்காங் ஆட்களிடம், "நானெல்லாம் இப்ப நறுக்கித்தான் குடிக்கிறது. உங்கள மாதிரி கடிக்கிற ஆளு இல்ல" என்று சொல்வதை நானே என் காதால் கேட்டேன்.

நான் அப்போது மாடியில் மேனேஜர் அறையில்தான் இருந்தேன். விடுமுறை முடியும்வரை மாமா எனக்குத் தற்காலிகக் கிராணி வேலை போட்டுக் கொடுத்திருந்தார். துரையின் நாற்காலியில் மாமா உட்கார்ந்திருந்தார். துரையின் மரப்பெட்டியைப் போலவே வாங்கிய ஒரு மரப்பெட்டியைத் திறந்தார். ஒரு மணிலாவை எடுத்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு எழுந்து ஜன்னலோரம் போய், சுருட்டை வாயில் வைத்து, கடித்து, துப்பினார்.

என்னைத் திரும்பிப் பார்த்து, "துரைமார் பழக்கம்டா" என்றார் மெதுவாக.

கடிப்பது அநாகரிகம் என்று அவர் ஜூலை மாதம் சொன்னபோது, யார் கடிப்பது என்பதை நான் கேட்காமல் விட்டது என் படிப்பின் குறைதான்.

மாமாவுக்கு இன்னும் தூரம் பழகவில்லை. நுனி ஆற்றுக்குப் போகவில்லை. நேர் கீழே, சுற்றறிக்கைக்கு அடியில், வெட்டியை எடுத்துச் சங்கிலியோடு சுழற்றிக்கொண்டிருந்த மருதமுத்துவின் தோளில் போய் விழுந்தது.

"எவன்டா அவன், மேலேருந்து துப்புறது?" என்று ஆறு முழுவதும் கேட்கும்படி ஒரு குரல் எழுந்தது. "மெர்டேக்கா வந்தும் நாகரிகம் வரலியே உங்களுக்கு."

மாமா எனக்குக் கையைக் காட்டினார். நான் எழுந்து போய் ஜன்னலைச் சத்தமில்லாமல் சாத்தினேன்.