மூன்று நிமிஷக் காற்று

"எல்லம்மா" என்று பெண்டாட்டியைக் கூப்பிட வாயைத் திறந்தான் பொன்னுரங்கம். "எ" மட்டும் வந்தது. மிச்சம் தண்ணீர் புகுந்த இன்ஜின் மாதிரி தொண்டைக்குள்ளேயே இரைந்து நின்றுவிட்டது.

கோட்டைக்குப்பத்துக் கரையில் நின்று அவன் கத்தினால், ஏரியில் பாதி தூரம் போன படகு திரும்பிப் பார்க்கும். அந்தக் குரலை நம்பித்தான் ஊர் அவன் பேரைக் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் கொடுத்திருந்தது. ஏரிக்கரையில் ஒரு கம்பெனி மீன் பதப்படுத்தும் ஆலை கட்டப் போகிறது. அதன் கழிவுத் தண்ணீர் ஏரிக்குள் விழும். இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கிற எல்லம்மா போன்றவர்களுக்குப் பிழைப்பு அதோடு போச்சு. ஊருக்கு ஒருத்தர், மூன்று நிமிஷம், கொடுத்த பேரை மாற்ற முடியாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். பொன்னுரங்கம் நாலு நாளாக ஏரியைத் தாண்டிக் கடலோரம் போய், அலைக்கு எதிரே நின்று அடித்தொண்டையில் பேசிப் பழகினான். அதில் வந்த வினை இது.

"மிளகு கஷாயம் குடி, தொறந்துக்கும்" என்றாள் எல்லம்மா.

குடித்தான். புரையேறி அரை மணி நேரம் இருமினான். இருந்த "எ"யும் போயிற்று.

"நல்லா செருமி சளியை எடுய்யா" என்றான் பக்கத்து வீட்டுச் சுப்பராயலு. நாள் பூராவும் செருமினான். எச்சில் விழுங்கினாலே வலித்தது.

பொன்னேரியில் டாக்டரம்மா தொண்டைக்குள் கேமராவை விட்டுத் திரையைக் காட்டினார்.

"இதான் குரல்வளை. மூச்சுக்குழாய்க்கு மேல உட்கார்ந்திருக்கு. நடுவுல வெள்ளையா ரெண்டு மடிப்பு தெரியுதா? அதான் குரல் நாண். நெஞ்சுலேர்ந்து காத்து வரும்போது ரெண்டும் நொடிக்கு நூறு தடவைக்கு மேல சேர்ந்து சேர்ந்து பிரியும். அந்த அதிர்வுதான் குரல். உங்களுக்கு ரெண்டும் வீங்கிப்போய் சேர மாட்டேங்குது. காத்து சும்மா ஓடிப் போகுது."

எல்லம்மா திரையை உற்றுப் பார்த்தாள். "இத்துனூண்டா? இதை வெச்சிக்கினா இருவத்தஞ்சு வருசமா என்னை அதட்டினே?"

பிறகு தயங்கி, "கஷாயம் குடுத்தேன், டாக்டரம்மா" என்றாள்.

"குடிக்கிறது எதுவும் அங்க போகாதும்மா, அது வேற குழாய். செருமினா நாண் ரெண்டும் மோதிப் புண்ணாகும். கிசுகிசுன்னு பேசறதும் கூடாது. அஞ்சு நாள் வாயே தொறக்காதீங்க. கூட்டத்தன்னிக்குப் பேசிடலாம்."

வாயை மூடிக்கொண்டான். குழம்பில் உப்பு இல்லை என்று சைகை காட்டினால், "இன்னா? குழம்பு சூப்பரா? ஊத்திக்கோ" என்று இன்னொரு கரண்டி விழுந்தது. அதையும் தின்றான்.

அஞ்சாம் நாள் டீக்கடையில் சுப்பராயலு ஆரம்பித்தான். "கம்பெனிக்காரன் வாயைப் பூட்டிட்டான்யா. இல்லேன்னா கூட்டம் வர்ற நேரத்துல கரெக்டா தொண்டை கட்டுமா?"

பொன்னுரங்கம் டாக்டர் சீட்டை எடுத்து நீட்டினான்.

"சீட்டும் கம்பெனி குடுத்துச்சா?"

கடையே சிரித்தது. பொன்னுரங்கத்துக்கு எங்கிருந்துதான் வந்ததோ, "எவன்டா சொன்னது!" என்று ஒரு கத்து கத்தினான். ஏரியில் இருந்த படகு திரும்பிப் பார்த்தது. அவ்வளவுதான். அதற்கப்புறம் முனகல்கூட எழவில்லை.

மறுநாள் பந்தலில் அவன் பேரைக் கூப்பிட்டார்கள். மேடையேறி மைக் முன்னால் வாயைத் திறந்தான். வந்த காற்றை வாங்கிப் பந்தல் முழுக்க "ஹ்ஹ்ஹ்" என்று இரைத்தது மைக். முன்வரிசையில் சிரித்தார்கள்.

"நான் சொல்றேன் சார்!" என்று எல்லம்மா எழுந்தாள்.

"லிஸ்ட்ல உங்க பேரு இல்லம்மா, உக்காருங்க."

மூன்று நிமிஷமும் அவன் இறங்கவில்லை. கழுத்து நரம்பு புடைக்கக் காற்றையே பேசினான். மணி அடித்தது. அவன் இறங்கி வரும்போது சுப்பராயலு காறித் துப்பினான்.

பந்தலுக்குப் பின்னால் ஒரு பெண் கம்ப்யூட்டரில் கூட்ட அறிக்கையை அடித்துக்கொண்டிருந்தாள். பொன்னுரங்கம் சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, பேரையும் ஊரையும் போட்டு, அவள் முன்னால் வைத்துக் கும்பிட்டான். கண்ணில் தண்ணீர் நின்றது.

அவள் பேரைப் படித்துவிட்டுத் திரையில் தேடினாள். முகம் மலர்ந்தது.

"இதுக்கா அழறீங்க அண்ணா? 'எங்க ஊரே இந்த ஆலையை வரவேற்குது'ன்னு நீங்க பேசினதை நான் முந்தாநாளே டைப் பண்ணி முடிச்சிட்டேனே!"