கதவைத் தட்டும் ஸ்விட்ச்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதுவது. இங்கே லாட்ஜும் நானும் நலம். உங்கள் அத்தை கோபத்தில் இருக்கிறாள், மற்றபடி அவளும் நலம்.

நிற்க. டிவி விஷயமாகத் தாங்கள் போனில் அருளிய ஆலோசனைக்கு நன்றி. யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் எல்லாச் சேனலையும் எல்லா ரூமுக்கும், டிவி லைனைப் பிரித்து அனுப்பும் அந்த நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டி வாரி இறைப்பதால்தான் ரிசப்ஷன் கம்ப்யூட்டர் திணறுகிறது, கேட்ட ரூமுக்கு மட்டும் அனுப்பும்படி அதன் செட்டிங்கில் ஒரு டிக் போடுங்கள் என்றீர்கள். போட்டேன். கம்ப்யூட்டர் குதிரை மாதிரி ஓடிச்சு. "இன்னும் ஒண்ணு இருக்கு மாமா"ன்னு நீங்க இழுத்தப்ப, "எல்லாம் புரிஞ்சுது"ன்னு நான் போனை வெச்சது என் போதாத காலம். கொஞ்ச நேரத்துல ஒவ்வொரு ரூம்லயும் படம் நின்னு போச்சு. அன்னிக்குப் பாத்து ஃபைனல் மேட்ச். மாடி முழுக்க மருந்துக் கம்பெனி ரெப்புங்க. மேட்ச் தெரியலைன்னா ரூமைக் காலி பண்றோம்னு ஒருத்தர் பெட்டியோட இறங்கியே வந்துட்டார். இவங்களும் போயிட்டா லாட்ஜ் சாவியைத் தன் தம்பிகிட்ட குடுத்துடுவேன்னு உங்க அத்தை ஏற்கெனவே சொல்லி வெச்சிருக்கா. ஓடிப் போய் சேனலை மாத்தி மறுபடி வெச்சேன், படம் வந்துச்சு. கொஞ்ச நேரத்துல திரும்பப் போச்சு. அப்புறம்தான் விளங்கிச்சு, "இன்னும் பாக்குறியா, இன்னும் பாக்குறியா"ன்னு டிவிகளை யாராவது கேட்டுக்கிட்டே இருக்கணும், கேக்க ஆளில்லைன்னா எல்லாரும் தூங்கிட்டாங்கன்னு ஸ்விட்ச் தானாவே நிறுத்திக்குது. நீங்க சொல்ல வந்த அந்த ஒண்ணு இதுதான் போல. சரி, அது கேக்கலைன்னா நான் கேக்கறேன்னு கதவு கதவாத் தட்டி, "சார், மேட்ச் பாக்குறீங்களா?"ன்னு விசாரிச்சு, சேனலை ஒரு தட்டு தட்டி, வெறுங்கையோட போக வெக்கமா இருந்ததால டீயும் குடுத்து, ஏறி இறங்கி என் முட்டி கழண்டு போச்சு. மேட்ச் முடியற வரைக்கும் ஒருத்தரும் காலி பண்ணலை. ஆனா இன்னொரு மேட்சை இந்த உடம்பு தாங்காது. கையெடுத்துக் கும்பிடறேன் மாப்பிள்ளை, உடனே கிளம்பி வந்து அந்தக் கேக்குற வேலையை ஸ்விட்ச் தலையிலயே கட்டிடுங்க.

மகளுக்கும் பேத்திக்கும் என் ஆசிகள். தாங்கள் சகல சௌபாக்கியங்களோடும், தேயாத முட்டியோடும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
படியேற முடியாத
மாமனார்

பி.கு.: வர வேண்டாம். அத்தையோட தம்பி, அதான் என் மச்சான், வந்து ஸ்விட்சே கேக்குற மாதிரி அந்த இன்னொரு டிக்கையும் போட்டுட்டான். டிவி இப்ப நிக்கவே மாட்டேங்குது. ரெப்புங்க கூட்டமா இறங்கி வந்து, "பெரியவர் ஏன் எட்டியே பாக்கறதில்லை?"ன்னு உங்க அத்தைகிட்ட புகார் பண்ணியிருக்காங்க. நான் வந்து விசாரிக்கறதா இருந்தா அடுத்த மாசமும் இங்கதான் தங்குவாங்களாம். சாவி என் கையில. மச்சானுக்குத் தெரியாம அந்த டிக்கை எப்படி எடுக்கறதுன்னு மட்டும் எழுதுங்க.