மோதிரம் பார்த்த முட்டைக்கோஸ்

கடைத்தெருவில் நடக்க இடமில்லை. தள்ளுபடி விற்பனை என்று நினைத்துவிடாதீர்கள். காய்கறிக்கு ஜாதகம் பார்க்கிறார்கள்! நூலில் கட்டிய மோதிரத்தைக் காய்கறிப் பையின்மேல் பிடிப்பார் மோதிரக்காரர். நேராக ஆடினால் நல்ல காய். வட்டமாகச் சுற்றினால் கண்ணேறு பட்ட காய்; தின்றால் குடும்பம் உருப்படாது. பையைத் திறக்கவே மாட்டார். ஞானியல்லவா! நல்ல காய் வேண்டுமா? பக்கத்திலேயே அவருடைய மச்சான் கடை. மஞ்சள் பையில் போட்டுத் தருவார். விலை மட்டும் இரண்டு மடங்கு.

இந்தக் கூத்தில் நர்ஸம்மா வீட்டில் கீரையே இல்லாமல் போயிற்று. வாங்குவதையெல்லாம் அவர் கணவர் தபால்காரர் மோதிரத்திடம் காட்டி, குப்பையில் கொட்டிவிட்டு வந்தார். மச்சான் கடை விலையோ கட்டுப்படியாகவில்லை. பூண்டு தட்டிப் போட்டு வதக்கிய கீரை இல்லாமல் நர்ஸம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஆனால் மாசமாயிருந்த மகள் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். மாத்திரையோடு கீரையும் காயும் நிறையச் சாப்பிடச் சொல்லியிருந்தார் டாக்டர்.

“அப்பா, ஒரு வாய் கீரை குடுங்கப்பா.”

“வேணாம்மா. குழந்தைக்கு ஏதாவது ஆயிட்டா?” என்றார் தபால்காரர்.

அந்தப் பயம் நிஜம். அதனால்தான் நர்ஸம்மா சண்டை போடவில்லை. “நாளைக்கு நானும் வரேங்க,” என்றார்.

மறுநாள் ஒரு துணிப்பை, பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய மச்சான் கடை மஞ்சள் பை இரண்டோடும் வரிசையில் நின்றார். துணிப்பைமேல் மோதிரம் பம்பரமாய்ச் சுழன்றது.

“ஐயையோ, விஷம்! தொடாதீங்க!” என்று அலறினார் மோதிரக்காரர்.

மஞ்சள் பைமேல் சமர்த்தாக நேரே ஆடியது.

“இது அமிர்தம்மா. தைரியமாப் பொண்ணுக்குக் குடுங்க.”

நர்ஸம்மா இரண்டு பைகளிலும் கையை விட்டார். பைக்குப் பாதி முட்டைக்கோஸ் வந்தது. பாதிகளைச் சேர்த்துப் பிடித்தார். இலைக்கு இலை, நரம்புக்கு நரம்பு பொருந்தி, ஒரே கோஸாகிவிட்டது.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“அது... வெட்டும்போது விஷம் ஒரு பக்கமா ஒதுங்கியிருக்கும்,” என்று இழுத்தார் மோதிரக்காரர்.

தபால்காரரின் முகம் சிவந்தது. இரண்டு பாதிகளையும் தன் தபால் பையில் போட்டுக் குலுக்கினார். ஒன்றை மட்டும் துண்டில் மூடி நீட்டினார்.

“இப்பச் சொல்லுங்க. இது விஷமா, அமிர்தமா?”

மோதிரம் அப்படியும் ஆடாமல் இப்படியும் ஆடாமல், விரலோடு சேர்ந்து வெடவெடத்தது.

“மஞ்சள் பை இல்லாட்டி மோதிரத்துக்கு ஒண்ணும் தெரியாதுடோய்!” என்று ஒரு குரல் எழுந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் மோதிரக்காரரைக் காணோம். மச்சான் கடைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

அன்று கீரையைத் தபால்காரரே ஆய்ந்தார், தண்டைக்கூட வீணாக்கவில்லை. மகள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவர் தட்டைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் கதவு தட்டப்பட்டது. வாசலில் காய்கறிப் பைகளோடு ஒரு வரிசை.

“அம்மா, உங்க கையால ஒரு தடவை தொட்டுக் குடுத்துடுங்க. எந்த விஷமும் அண்டாது!”

நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

“என் கையை விடுங்க. உங்க மூளையைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க. ரொம்ப நாளா யாரும் தொடாமக் கிடக்குது!”