காற்றுப் பிடுங்கிய கேப்டன்

2019ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் பதின்மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. இரவெல்லாம் கொட்டித் தீர்த்த மழை விடியுமுன்பே ஓய்ந்திருந்தது. வானம், துடைத்து வைத்த மூக்குக்கண்ணாடியைப் போலப் பளிச்சென்றிருந்தது. நம் கேப்டனுக்கு அப்படித்தான் தோன்றும். அவருடைய தொழில் மூக்குக்கண்ணாடி விற்பது. யாருக்கு எது தெரியவில்லை என்பதை நொடியில் சொல்லிவிடுவார். தம் வீட்டில் நடப்பது தமக்குத் தெரிகிறதா என்று மட்டும் அவர் சோதித்துப் பார்த்ததில்லை.

கேப்டன் என்பது பட்டப்பெயர். நகர எல்லையிலுள்ள வனப் பூங்காவில் ஞாயிறுதோறும் சைக்கிள் ஓட்டும் குழு ஒன்று உண்டு. முன்னால் ஓட்டிச்செல்லும் அதன் தலைவர் அவர். அவர் கையை உயர்த்தினால் அத்தனை பேரும் நிற்பார்கள். விசில் ஊதினால் கிளம்புவார்கள். மற்ற நாள்களில் அவருடைய சொல்லை வீட்டுப் பூனைகூட மதிப்பதில்லை. ஆகவே, அந்த ஒரு காலைப்பொழுது அவருக்கு உயிர்.

அந்த உயிருக்குத்தான் முந்தின வாரம் உலை வைத்தாள் மனைவி.

"ஏங்க, நானும் உங்க குழுவுல சேரப்போறேன்."

"நீயா? அது காடும்மா!"

"வருஷக்கணக்கா ஸ்கூல் வேன் ஓட்டுறேன். வேன் நிறையப் பிள்ளைங்க. காடு அதைவிடவா பயங்கரம்?"

"வேனுக்கு நாலு சக்கரம், தானா நிக்கும். சைக்கிள் நிக்குமா?"

"உங்களையே நிமிர்த்தி நிறுத்தி வச்சிருக்கேன். சைக்கிள் எம்மாத்திரம்?"

கேப்டனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "சரி, ஒரே ஒரு சுத்து. நீ என்னை முந்திட்டா, சேர்ந்துக்கோ. நான் முந்திட்டா, இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"எடுக்க மாட்டேன்" என்றாள் அவள். அந்தப் பணிவைக் கண்டே அவர் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. பக்கத்து வீட்டு வங்கி மேலாளர் நடுவரானார்; அவரும் அதே குழுவினர்.

சனிக்கிழமை மாலை, தங்கையிடமிருந்து இரவல் வாங்கிவந்த சைக்கிளை மனைவி கொட்டகையில் சாய்த்து வைத்தாள்.

"எல்லாம் சரியா இருக்குங்க. டயர்ல காத்துதான் கல்லு மாதிரி இருக்கணும். கொஞ்சம் குறைஞ்சாலும் என்னால ஒரு அடி மிதிக்க முடியாது."

சாப்பிடும்போதும் அதையே சொன்னாள். பாத்திரம் கழுவும்போது, "அந்த வால்வை யாரும் தொட்டுடாம பார்த்துக்கோங்க" என்றும் சேர்த்துக்கொண்டாள். பூனையிடம் பால்சட்டியை ஒப்படைத்தாற் போலாயிற்று.

மறுநாள் விடியலில் அவள் அடுக்களையில் காபி போட்டுக்கொண்டிருந்தாள். கேப்டன் பூனைநடையாகக் கொட்டகைக்குள் நுழைந்தார். முன் சக்கர வால்வை அழுத்தினார். உஸ்ஸ் என்றது. பின் சக்கர வால்வையும் அழுத்தினார். மீண்டும் உஸ்ஸ். இன்னும் சற்று என்று விரலை ஊன்றியபோது, அடுக்களைச் சன்னலிலிருந்து ஓர் இருமல் கேட்டது. பாம்பை மிதித்தவரைப் போலத் துள்ளி எழுந்து, மூடியைத் திருகிவிட்டு ஓடிவந்தார்.

"எங்க போயிருந்தீங்க?"

"மழை விட்டுச்சான்னு பார்த்தேன்."

பூங்கா வாயிலிலிருந்து தொடங்கும் பாதை, காட்டை ஒரு வட்டமடித்து அதே வாயிலுக்குத் திரும்பும். முதலில் தார்ச்சாலை, பிறகு சரளை, அப்புறம் ஓடைக்கரை மணல், அதற்கப்பால் மரவேர்கள் பின்னிக்கிடக்கும் ஏற்றம். மேலாளர் விசிலூதினார். தார்ச்சாலையில் கேப்டன் அம்பாய்ப் பறந்தார். அவருடைய டயர்கள் தட்டினால் டங்கென்னும். திரும்பிப் பார்த்தார், மனைவி எங்கோ பின்னால், புள்ளியாய்த் தெரிந்தாள். பாவம் என்றுகூட எண்ணினார்.

சரளை வந்தது. ஒவ்வொரு கல்லும் கேப்டனின் பல்லோடு பேசியது. ஓடைக்கரை வந்தது. கல்லாய் இறுகியிருந்த சக்கரங்கள், ஈர மணலைக் கத்தியாய் அறுத்துக்கொண்டு புதைந்தன. இறங்கினார். தள்ளினார். அதுவும் நடவாதபோது சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

அப்போது பின்னாலிருந்து மணியோசை கேட்டது.

"வழி விடுங்க கேப்டன்!"

மணலின்மேல் வாத்து நீந்துவதைப் போல அவள் வந்தாள். தொளதொளத்த டயர்கள் அகலப் படிந்து, புதையாமல் உருண்டன. வேர்கள் நிறைந்த ஏற்றத்தில், இருக்கையிலிருந்து இலேசாக எழுந்து, முழங்கையைத் தளர்த்தி, ஒவ்வொரு வேரையும் தடவிக்கொடுத்தபடியே ஏறினாள். மரங்களின் ஊடே விழுந்த வெயில் அவள் முதுகில் ஏறி இறங்கியது. இத்தனை ஆண்டுகளில் அவள் ஒரு வண்டியை ஓட்டுவதை அவர் நின்று பார்த்ததே இல்லை. 'அடடா!' என்றது கேப்டனின் வாய், அவரைக் கேளாமலே. கைதட்டியும் இருப்பார், இரண்டு கையிலும் சைக்கிள் இருந்தது.

வாயிலை அவர் அடைந்தபோது, அவள் பெஞ்சில் அமர்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ஆட்டம் செல்லாது!" என்று கேப்டன் மேலாளரிடம் பொங்கினார். "டயர்ல காத்து அவ்வளவு குறைஞ்சிருந்தா மணல்ல மிதக்காம என்ன செய்யும்?"

மேலாளர் குனிந்து டயரை அழுத்திப் பார்த்தார். "ஆமா, குறைஞ்சுதான் இருக்கு. யார் குறைச்சது?"

கேப்டன் வானத்தைப் பார்த்தார்.

வீடு திரும்பும் வழியில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மெல்லக் கேட்டார்: "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"மணல்ல வேன் சிக்கினா நாங்க முதல்ல காத்தைத்தான் குறைப்போம்."

"அப்ப நீயே பிடுங்கியிருக்கலாமே!"

"நான் பிடுங்கினா நீங்க பார்ப்பீங்க, 'ஏன்'னு யோசிப்பீங்க, உங்களுதுலயும் பிடுங்கிடுவீங்க. நீங்களே பிடுங்கினா யோசிக்கவும் மாட்டீங்க, வெளிய சொல்லவும் முடியாது."

கேப்டன் அவளுடைய டயரை ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். "அது சரி. நான் மொத்தக் காத்தையும் பிடுங்கியிருந்தா என்னம்மா பண்ணியிருப்ப?"

"அதுக்குத்தானே இருமினேன்!"

அதன்பின் நடந்தது இது: அடுத்த ஞாயிறு அவள் குழுவில் சேர்ந்தாள். மாதம் முடிவதற்குள் விசில் அவள் கழுத்துக்கு இடம் மாறியது. பழைய கேப்டன் இப்போது கடைசியில் வருகிறார். முதுகில் காற்றடிக்கும் பம்பு. ஓடைக்கரை வந்ததும் எல்லாருடைய டயரிலும் காற்றைக் குறைப்பது அவர் பொறுப்பு. எவ்வளவு குறைக்க வேண்டும் என்று அவர் யாரையும் கேட்பதில்லை. அவள் இருமுகிறாள்; அவர் நிறுத்திவிடுகிறார்.