சித்தேரிக்கரை மகளிர் அந்துப்பூச்சி நற்பணி மன்றம்

பொழுது சாய்ந்தால் மனுஷனுக்கு விளக்கு வேண்டும் என்பது ரொம்பப் பழைய கருத்து. செம்பாக்கத்துக்குப் பின்னால், சின்ன ஏரி ஒன்றின் கரையை ஒட்டி இருந்த சித்தேரிக்கரைத் தெருவில் அந்தக் கருத்து இன்னும் பரிசீலனையில் இருந்தது.

விளக்குதான் இல்லையே தவிர, விளக்குக் கம்பம் இருந்தது. அதைக் குறை சொல்லக் கூடாது. ஏதோ ஒரு தேர்தலுக்கு முந்தின வாரம் லாரியில் கொண்டுவந்து நட்டார்கள். தேர்தல் முடிந்ததும் பல்பு வரும் என்றார்கள். எந்தத் தேர்தல் என்று அவர்களும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. ஆகவே யாரும் வாக்குத் தவறினார்கள் என்று சொல்ல இடமில்லை. கம்பமும் சும்மா நிற்கவில்லை. மேலே காக்கா உட்கார்ந்தது, நடுவில் கேபிள் ஒயர் தொங்கியது, கீழே நாய் வந்துபோனது.

அந்தக் கம்பத்துக்கு எதிர்வீடு செல்வமேரி வீடு. பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. புருஷன் சவுரிமுத்து பெயின்ட் அடிக்கிறவன். ஒரே பெண் கிறிஸ்டினா மேடவாக்கத்தில் செல்போன் கடையில் வேலை செய்தாள். கடை முடிந்து, பஸ் பிடித்து, டிராபிக்கில் தண்ணி லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து வந்து இறங்கும்போது இருட்டிவிடும். அப்புறம் கரையோடு நடக்க வேண்டும். கரையோரம் குழாய் பதிக்கத் தோண்டின பள்ளம். குழாயைப் பதித்தார்கள், பள்ளத்தை மறந்துவிட்டார்கள். மாசி மாசத்தில் ஒருநாள் கிறிஸ்டினா அதில் விழுந்து, கால் வீங்கி, கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தாள்.

அவள் மறுபடி வேலைக்குக் கிளம்பின அன்றைக்குச் சவுரிமுத்து தீர்ப்பைச் சொல்லிவிட்டான்.

"ஈஸ்டருக்குள்ள இந்தக் கம்பத்துல லைட்டு எரியணும். இல்லன்னா வேலைய வுட்டுட்டு வூட்டுல இரு. இன்னொரு தபா உன்னைப் பள்ளத்துலேர்ந்து தூக்க என்னால முடியாது."

"கடையில என்னை சீனியராக்கப் போறாங்கப்பா!"

"பள்ளத்துக்குத் தெரியுமா நீ சீனியருன்னு?"

கிறிஸ்டினா அழுதுகொண்டே போனாள். செல்வமேரி பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, பகுதி அலுவலகத்துக்குப் போனாள்.

அங்கே விளக்கு சம்பந்தமான எல்லாவற்றுக்கும் ராஜாராமன் என்கிற அலுவலர் இருந்தார். நல்ல மனுஷர். வருகிறவர்களை உட்காரச் சொல்வார். நாற்காலி இருக்காது, ஆனாலும் சொல்வார்.

"கம்பத்துல பல்பு போட முடியாதும்மா. இது வலசை காலம்."

"அப்டின்னா இன்னா சார்?"

"குளிருக்கு வெளிநாட்டுலேர்ந்து வந்த பறவைகள் எல்லாம் ஊர் திரும்புற நேரம். ராத்திரியில கிளம்பிப் போகும். வெளிச்சம் பட்டா வழி தப்பிடும். பறவை ஆர்வலர்கள் ஆட்சேபம் குடுத்திருக்காங்க."

"ஐப்பசி மாசம் கேட்டப்பவும் முடியாதுன்னீங்களே சார்?"

"அது பறவை வர்ற பருவம்."

"தை மாசம் கேட்டேன்."

"தங்குற பருவம்."

"அப்ப இதுங்கள்லாம் போனப்புறம், வெயில் காலத்துல போடுவீங்களா?"

ராஜாராமன் கருணையோடு சிரித்தார். "பறவை இல்லாத நேரமாப் பார்த்து லைட் போட்டா, திரும்பி வர்றப்போ அதுங்களுக்கு எவ்வளவு ஏமாற்றமா இருக்கும்? நம்ப வச்சுக் கழுத்தறுத்த மாதிரி ஆயிடாதா?"

செல்வமேரிக்குப் பறவைகள் மேல் கோபம் இல்லை. அவளும் பார்த்திருக்கிறாள். மூக்கை ஆட்டிக்கொண்டு சேற்றில் நடக்கும், பாவம்.

"சார், அதுங்க வூட்டுக்குப் போவ இருட்டு வேணும். என் பொண்ணு வூட்டுக்கு வர வெளிச்சம் வேணும். அதுவும் வலசைதானே சார்? மேடவாக்கத்துலேர்ந்து வருது."

"உங்க பொண்ணுக்கு ரெக்கை இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப இந்தப் பிரிவுல வராதும்மா."

அன்றைக்குச் சாயங்காலம் மகளுக்குத் துணையாக டார்ச்சை எடுத்துக்கொண்டு செல்வமேரி கரைக்கு வந்தாள். ஆட்சேபம் கொடுத்தவர்கள் அங்கேயே இருந்தார்கள். பெருங்களத்தூர் அடுக்குமாடிகளிலிருந்து வருகிற கூட்டம். பறவை கண்ணில் படாமலிருக்க எல்லோரும் சேற்று நிறத்தில் சட்டை, சேற்று நிறத்தில் தொப்பி. பறவை காதில் படாமலிருக்க மட்டும் ஒருவரும் ஏற்பாடு செய்துகொள்ளவில்லை. கல்யாண வீடு மாதிரி சத்தம். அவர்களுக்குத் தலைவர் ஜெயகிருஷ்ணன். வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறவர். ராத்திரி முழுக்கக் கம்ப்யூட்டர், பகல் முழுக்கத் தூக்கம், சாயங்காலம் பறவை. கேமராவில் அவர் மாட்டியிருந்த லென்ஸைப் பிடிக்கத் தனியாக ஒரு ஆள் வேண்டும்.

"ஆன்ட்டி! டார்ச்சை ஆஃப் பண்ணுங்க! அவங்க நம்ம கெஸ்ட். அவங்க கன்வீனியன்ஸ்தான் முக்கியம். வெளிநாட்டு விருந்தாளி வந்தா, அவங்க டைமுக்குத்தான் நாம அட்ஜஸ்ட் பண்ணணும்!"

செல்வமேரி டார்ச்சை அணைத்தாள். அணைத்த பிறகும் பாதை பளிச்சென்று தெரிந்தது. என்னடா இது என்று திரும்பிப் பார்த்தால், கொஞ்ச தூரத்தில் யாரோ ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, அதன் முன்னால் கண்ணைக் குத்துகிற மாதிரி ஒரு பெரிய பல்பைத் தொங்கவிட்டிருந்தார்கள். துணி முன்னால் தீபலட்சுமி என்கிற பெண் செல்போனும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள். அந்த வெளிச்சத்தில் கிறிஸ்டினா பள்ளத்தைத் தாண்டி, கையை வீசிக்கொண்டு, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

"இத்த யாருமா எரியவுட்டது?"

"நாங்கதான் ஆன்ட்டி. அந்துப்பூச்சி ரெக்கார்டிங். லைட்டைப் பார்த்துப் பூச்சி வந்து துணியில உட்காரும். போட்டோ எடுத்துப் பதிவு பண்ணுவோம். இப்ப எல்லா ஊர்லயும் இதுதான் போய்க்கிட்டிருக்கு."

"அந்தா? எங்க அரிசி டின்னுலயே கீதே."

"அது வேற ஆன்ட்டி."

"ஆபீஸ்ல ஒண்ணும் சொல்லலியா?"

"அவங்கதான் பர்மிஷன் குடுத்தாங்க. அந்துப்பூச்சிக்குன்னு தனித் திட்டமே இருக்கு."

"பறவைக்கு வெளிச்சம் ஆவாதுன்றாங்களே?"

தீபலட்சுமி குரலைத் தாழ்த்தினாள். "அவங்க வேற குரூப். எங்களுக்கும் அவங்களுக்கும் பேச்சு கிடையாது."

அன்றைக்குச் செல்வமேரிக்கு ஒன்று புரிந்துபோனது. இத்தனை நாளாகத் தப்பான ஜீவனுக்காக லைட் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

மறுநாள் அதே மேஜை, அதே ராஜாராமன்.

"சார், அந்துப்பூச்சிக்கு ஒரு லைட்டு வேணும்."

ராஜாராமன் எழுந்தே நின்றுவிட்டார். மார்ச் மாசம் முடியப் போகிறது. அந்துப்பூச்சித் திட்டத்தில் கேட்பாரில்லாமல் பணம் கிடக்கிறது. செலவழிக்காவிட்டால் மேலிடம் அவரைத் திட்டும். இந்த நேரத்தில் தெய்வம் மாதிரி ஒரு அம்மா.

"தனி ஆளுக்குக் குடுக்க முடியாதே. ஏதாவது அமைப்பா?"

"ஆமா சார். சித்தேரிக்கரை மகளிர் அந்துப்பூச்சி நற்பணி மன்றம்." பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்தாள்.

"எத்தனை காலமா இயங்குது?"

"மகளிர் ரொம்ப காலமா கீறோம் சார். நற்பணி இப்பதான்."

வாரம் திரும்புவதற்குள் கம்பத்தில் விளக்கு வந்துவிட்டது. நிபந்தனை ரெண்டே ரெண்டு: கம்பத்தில் எப்போதும் வெள்ளைத் துணி தொங்க வேண்டும், மன்றத்தார் தினமும் பூச்சியைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். துணிக்கு எங்கே போவது? ஈஸ்டர் பூசைக்கென்று சவுரிமுத்து எடுத்து வைத்திருந்த புது வேட்டியைக் கம்பத்தில் கட்டினாள்.

"அடிப்பாவி, என் வேட்டி!"

"லைட்டு வேணும்னு சொன்னது நீதானே? புடி அந்த முனைய."

அன்று சாயங்காலம் விளக்கு எரிந்தது. தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. சிலர் தங்கள் எதிர்வீட்டுக்காரரின் முகத்தை இருட்டின பிறகு பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையிலேயே ஜெயகிருஷ்ணன் தூங்கப் போகாமல் அலுவலகத்துக்குப் போய்விட்டார். ராஜாராமன் ரெண்டு தரப்பையும் கூப்பிட்டு, நடுவே தண்ணீர் பாட்டில் வைத்து, சமாதானக் கூட்டம் போட்டார். பூச்சிக்கு வெளிச்சம் வேண்டும் என்றாள் தீபலட்சுமி. விருந்தாளிகளின் நேரத்துக்குத்தான் நாம் நடந்துகொள்ள வேண்டும், பறவைக்கு இருட்டு வேண்டும் என்றார் ஜெயகிருஷ்ணன். ரெண்டு பேரும் சத்தம் போட்டதில் ஜன்னலில் இருந்த புறா பறந்துபோனது. அதை யாரும் பதிவு செய்யவில்லை.

ராஜாராமன் கண்ணை மூடி யோசித்தார். பிறகு, இரு தரப்பு நலனையும் ஒருங்கே கருத்தில் கொண்டு, ஆணையிட்டார்:

"மேற்படி விளக்கு காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை எரியும். இரவில் அணைக்கப்படும்."

"பகல்லயா?" என்றாள் செல்வமேரி.

"விளக்கு எரியணும்னுதான் திட்டத்துல இருக்கு. எப்போன்னு இல்லை."

"வெரி பேலன்ஸ்டு," என்றார் ஜெயகிருஷ்ணன். பகலில் பறக்கிற அந்துப்பூச்சியும் உண்டு என்று தீபலட்சுமியும் தலையாட்டினாள். ரெண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். பேச்சே இல்லாதவர்களைப் பேச வைத்த பெருமை அந்த விளக்குக்கு உண்டு.

அதிலிருந்து பங்குனி வெயிலில் விளக்கு ஜம்மென்று எரிந்தது. கையை நெற்றியில் வைத்து உற்றுப் பார்த்தால் எரிவது தெரியும். பொழுது சாய்ந்ததும் அணைந்தது. இருட்டில் வேட்டி மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. முதல் நாளே கிறிஸ்டினா அதைப் பார்த்து "ஐயோ மாதாவே" என்று அலறி, பள்ளத்துக்குள் போகாமல் அதன் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவ்ளோதான்," என்றான் சவுரிமுத்து. "முன்னாடி பள்ளம் மட்டும்தான் இருந்துச்சு. இப்ப பேயும் வந்துடுச்சு. ஈஸ்டரோட வேலைய வுடற."

"வேட்டியயாவது கழட்டுப்பா!"

"கழட்டக் கூடாதாமே. திட்டச் சொத்தாம்."

ஈஸ்டருக்கு இன்னும் சில நாள்தான். செல்வமேரி ரொம்ப நேரம் யோசித்தாள். கேட்கிறவர்கள் எல்லாம் புத்தியோடு பேசினால் அந்த அலுவலகத்தில் காரியம் நடப்பதில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதனால் வேறு மாதிரி பேசுவதென்று முடிவெடுத்துப் போனாள்.

"சார், அந்தப் பறவைங்கள்லாம் எந்த ஊரு?"

"சைபீரியா, மங்கோலியா... எல்லாம் வெளிநாடு."

"அங்க இப்ப இன்னா நேரம் சார்?"

ராஜாராமன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஜெயகிருஷ்ணன் சார் இங்கயே பொறந்தவரு. வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை செய்றதுக்கே, பகல்ல தூங்கி ராத்திரில முழிச்சுக்கினு கீறாரு. வெளிநாட்டுலயே பொறந்த பறவைக்கு எப்படி சார் இருக்கும்? நம்ம பகலுதானே அதுங்களுக்கு ராத்திரி?"

ராஜாராமனுக்கு வியர்த்தது. "அப்படின்னா... இத்தனை நாளா நாம அதுங்க ராத்திரியில..."

"லைட்டு போட்டுக்கினு கீறோம் சார். பாவம், தூக்கமே இருக்காது."

அவசரமாக ஜெயகிருஷ்ணனுக்குப் போன் போட்டார். விருந்தாளிகளின் நேரத்துக்குத்தான் நாம் நடந்துகொள்ள வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னீர்கள்தானே என்று கேட்டார். பகல் நேரம், தூக்கக் கலக்கத்தில் இருந்த ஜெயகிருஷ்ணன், "எஸ், எஸ், அவங்க டைம் ஸோன்தான்" என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். போதுமே. ஆர்வலர்களின் ஒப்புதலோடு ஆணை திருத்தப்பட்டது: பகலில் விளக்கு எரியவே கூடாது, மாலை ஆறு மணி முதல் காலை ஆறு மணி வரை கண்டிப்பாக எரிய வேண்டும்.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் விளக்கு எரிந்தது. கிறிஸ்டினா பள்ளத்தைப் பார்த்து, பார்த்ததோடு விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்தாள். ஈஸ்டர் பூசைக்குச் சவுரிமுத்து பெயின்ட் கறை படிந்த பேன்ட்டில் போனான். வேட்டி பணியில் இருந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் பூச்சிகள் வர ஆரம்பித்தன.

முதலில் கடமைக்குப் படமெடுத்தாள் செல்வமேரி. பிறகு பச்சையாக ஒன்று வந்தது, இறக்கையில் கண் வரைந்த மாதிரி ஒன்று வந்தது. அனுப்பின படத்துக்குத் தீபலட்சுமி "சூப்பர் ரெக்கார்ட் ஆன்ட்டி" என்று பதில் போட்டாள். தெருப் பெண்கள் எல்லோரும் சாயங்காலமானால் வேட்டிக்கு முன்னால் கூடினார்கள். யார் முதலில் பார்த்தது என்று சண்டை வந்தது. கடைசி வீட்டு ஷீலா ஒரே பூச்சியை ரெண்டு கோணத்தில் எடுத்து ரெண்டாக அனுப்பிவிட்டாள் என்று அவளோடு பேச்சை நிறுத்தினார்கள். சேற்று நிறத்தில் தொப்பி தாம்பரம் மார்க்கெட்டில் எங்கே கிடைக்கும் என்று செல்வமேரி விசாரித்து வாங்கிவிட்டாள்.

அப்படி ஒரு சாயங்காலம், பின்தெருவிலிருந்து கங்கையம்மாள் வந்தாள். அவள் மருமகள் ஓவியா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்தத் தெருவிலும் கம்பம் இருந்தது, பல்பு இல்லை.

"மேரி, நேத்து என் மருமவ உங்க தெரு தாண்டினதும் இருட்டுல நாயி மேல காலை வச்சுட்டா. கடிச்சுட்டுது. ஊசி போட்டுக்கினு படுத்திருக்கா. நீ ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொன்னா எங்க கம்பத்துக்கும் ஒரு லைட்டு வந்துடும்."

செல்வமேரி தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

"தப்பா நினைக்காதக்கா. உன் தெருவுல லைட்டு போட்டா இங்க வர்ற பூச்சியெல்லாம் அங்க போயிடும். எங்க ரெக்கார்டு இன்னா ஆவறது? மன்றத்துல எல்லாரும் ஆட்சேபம் பண்ணுவாங்க."

"இன்னாடி இது, ஒரு பொண்ணு ராத்திரில நடந்து வர்றான்றேன்..."

"அதான்க்கா கேக்கறேன். ஓவியாவுக்கு ரெக்கை கீதா?"

கேட்ட பிறகுதான், இதே கேள்வியை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது செல்வமேரிக்கு. எங்கே என்று யோசிப்பதற்குள் வேட்டியில் கையகலத்துக்கு ஒரு பூச்சி வந்து உட்கார்ந்தது. கங்கையம்மாளைத் தள்ளிக்கொண்டு, ஷீலா பார்ப்பதற்கு முன்னால், செல்போனோடு ஓடினாள்.